2 மாதம் மட்டுமே பள்ளிக்குப் போன ஸ்டுடியோ பையன்... பால்வெளியின் கருப்புத் திட்டுகளைப் படம் பிடித்த பர்னார்ட் யார்?

ஊர் வெளிச்சம் எட்டாத இடம். நிலா இல்லாத ராத்திரி. ஸ்டாண்டில் செல்போனை மாட்டி, நைட் மோடில் ஒரு படம் எடுத்தால் போதும், வானத்தின் குறுக்கே மங்கலான வெள்ளைப் பட்டை ஒன்று விழும். அதுதான் நாம் வாழும் பால்வெளி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வெள்ளைப் பட்டைக்கு நடுவே மை கொட்டியதுபோல கருப்புத் திட்டுகள் தெரியும்.

அங்கே நட்சத்திரமே இல்லையா? இல்லை, எதுவோ மறைக்கிறதா?

இன்று பள்ளி மாணவருக்கும் பதில் தெரிந்த இந்தக் கேள்விக்காக ஒரு மனிதர் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் விடிய விடிய கண் விழித்தார். அவர் கல்லூரியில் படித்து வந்த விஞ்ஞானி இல்லை. போட்டோ ஸ்டுடியோவில் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தவர். பெயர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். இரவு வானத்தைப் படம் எடுக்கும் அமெச்சூர்கள் இன்றும் பின்பற்றும் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர்.

யார் இவர்? எங்கிருந்து எங்கே போனார்?

பசியோடு தொடங்கிய வாழ்க்கை

1857-ம் ஆண்டு டிசம்பர் 16-ம் தேதி, அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரில் பர்னார்ட் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சுமார் 3 மாதங்களுக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா எலிசபெத் தனி ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்க வேண்டிய நிலை.

பையனுக்கு 3 வயது இருக்கும்போது அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. நாஷ்வில் நகரம் போரின் நடுவே சிக்கியது. வீட்டில் பல நாள் சாப்பாட்டுக்கே வழியில்லை. கம்பர்லேண்ட் ஆற்றில் மூழ்கிய படகுகளில் ராணுவத்துக்கான பிஸ்கட் பெட்டிகள் கிடக்கும். நீந்திப் போய் அதை எடுத்து வந்து பசியாறிய நாட்களும் உண்டு. போருக்குப் பிறகு காலரா பரவியது. பையனையும் அது விடவில்லை. பிழைத்ததே பெரிய விஷயம்.

பள்ளிக்கூடம்? மொத்தமே சுமார் 2 மாதம்தான். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அம்மா.

ஆனால் ராத்திரி வானம் மட்டும் காசு கேட்கவில்லை. கோடை இரவுகளில் ஒரு பழைய வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு நட்சத்திரங்களைப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமானது. தலைக்கு நேர் மேலே வரும் பிரகாசமான ஒரு நட்சத்திரம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் பெயர் என்ன என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

9 வயதுகூட ஆகாத பையனுக்கு மாடியில் வேலை

1866-ல் குடும்பக் கஷ்டம் காரணமாக அவன் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்க்கப்பட்டான். அப்போது 9 வயது முடியவில்லை. வேலை ஸ்டுடியோவின் மொட்டை மாடியில்.

அந்தக் காலத்தில் மின்விளக்கு கிடையாது. சிறிய நெகட்டிவ்வைப் பெரிய படமாக மாற்ற வேண்டுமானால் சூரிய ஒளிதான் ஒரே வழி. அதற்காக மாடியில் பிரம்மாண்டமான கருவி ஒன்று இருந்தது. சூரியன் நகர நகர, அந்தக் கருவியையும் கையால் சக்கரத்தைச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் படம் காலி.

வெயிலில் நின்று நாள் முழுக்க இதே வேலை என்பதால், முன்பு வந்த பையன்கள் தூங்கிப் போனார்கள். பர்னார்ட் தூங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சூரியனைப் பின்தொடர்ந்தான். தேவாலயத்தின் மதிய மணி அடிக்கும் நேரமும், சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதைக்கூட அவனாகவே கவனித்தான். ஆண்டின் சில மாதங்களில் சூரியன் கடிகாரத்துக்கு முந்தும், சில மாதங்களில் பிந்தும். வானியல் புத்தகத்தில் இருக்கும் பாடம் இது. அவன் அதைச் சக்கரம் சுற்றியே கற்றுக்கொண்டான்.

அந்தக் கருவிக்கு ஸ்டுடியோவில் வைத்திருந்த பெயர் ஜூபிடர், அதாவது வியாழன். பிற்காலத்தில் அதே வியாழன்தான் அவருக்கு உலகப் புகழ் தரப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த ஸ்டுடியோவில் அவர் சுமார் 17 ஆண்டுகள் இருந்தார். லென்ஸ், ரசாயனம், கண்ணாடித் தகடு, டெவலப் செய்யும் பக்குவம் என எல்லாமே அங்கே கற்றதுதான்.

2 டாலர் கடனுக்கு அடமானமாக வந்த புத்தகம்

1876-ல் தெரிந்த ஒருவர் அவரிடம் 2 டாலர் கடன் கேட்டார். அடமானமாக ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பணம் திரும்பி வரவில்லை. புத்தகம் தங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் அது வானியல் புத்தகம். உள்ளே நட்சத்திர வரைபடம் இருந்தது.

ஜன்னல் வழியாக வானத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிறு வயதில் பெயர் தெரியாமல் பார்த்த அந்த நட்சத்திரம் வேகா என்று அன்றுதான் தெரிந்தது. நம் ஊர் மரபில் அபிஜித் என்று சொல்கிறோமே, அதே நட்சத்திரம்தான்.

அதன் பிறகு அவரைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஸ்டுடியோ நண்பரோடு சேர்ந்து ஒரு குழாயையும் லென்ஸையும் வைத்து ஒரு தொலைநோக்கி செய்தார். அடுத்து 5 அங்குல லென்ஸ் கொண்ட நல்ல தொலைநோக்கி ஒன்றை விலைக்கு வாங்கினார். விலை 380 டாலர். அவருடைய ஓராண்டுச் சம்பளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. வீட்டில் உடல்நலம் குன்றிய அம்மா இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பையன், வருமானத்தின் பெரும்பகுதியை ஒரு குழாயில் போட்டார் என்றால், அது சாதாரண முடிவு இல்லை.

ஒரு தூணுக்குப் பின்னால் அழுத இளைஞர்

1877-ல் அமெரிக்க விஞ்ஞானிகளின் பெரிய மாநாடு நாஷ்வில்லில் நடந்தது. நாட்டின் முன்னணி வானியலாளர் சைமன் நியூகோம் அதற்கு வந்திருந்தார். பர்னார்ட் ஆசையோடு அவரிடம் போய், தன்னிடம் இருக்கும் தொலைநோக்கியை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டார்.

கணிதம் தெரியாமல் இந்தத் துறையில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்பதே கிடைத்த பதில். வேண்டுமானால் வால்மீன்களைத் தேடிப் பார்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. 19 வயது இளைஞர் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

அழுது முடித்ததும் இரண்டு வேலை செய்தார். ஒன்று, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசிரியர் வைத்துக் கணிதம் படித்தார். இரண்டு, வால்மீன் தேட ஆரம்பித்தார்.

வால்மீன்கள் கட்டிக்கொடுத்த வீடு

1881 ஜனவரியில், ஸ்டுடியோவில் உடன் வேலை பார்த்தவர்களின் சகோதரி ரோடா கால்வர்ட்டை அவர் திருமணம் செய்தார். சொந்த வீடு வேண்டும். கையில் காசில்லை.

அப்போது ரோசெஸ்டர் நகரைச் சேர்ந்த மருந்து வியாபாரி வார்னர், அமெரிக்காவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு வால்மீனுக்கும் 200 டாலர் பரிசு அறிவித்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பர்னார்ட் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பரிசுப் பணத்தை நம்பி, கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். தவணை கட்ட வேண்டிய நாள் நெருங்கும். இரவில் தேடுவார். இன்னொரு வால்மீன் சிக்கும். இப்படியே அடுத்தடுத்த பரிசுகளால் அந்தக் கடன் அடைந்தது. ஊர்க்காரர்கள் அதை வால்மீன் வீடு என்றே அழைத்தார்கள்.

பகலில் முழுநேர ஸ்டுடியோ வேலை, இரவில் வானம். தூக்கம் எப்போது என்றால், கிடைத்தபோதுதான்.

1883-ல் கதவு திறந்தது. நாஷ்வில்லில் இருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 300 டாலர் உதவித்தொகையும் தங்க வீடும் கொடுத்து, தன்னுடைய வானாய்வகத்தையும் ஒப்படைத்தது. கல்லூரி வாசலையே பார்க்காதவர், 25 வயதில் மாணவராகவும் ஆய்வாளராகவும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தார்.

ஸ்டுடியோ லென்ஸ் வானத்தைப் பார்த்தது எப்படி?

1888-ல் கலிஃபோர்னியாவின் ஹாமில்டன் மலையில் லிக் வானாய்வகம் திறக்கப்பட்டது. 36 அங்குல லென்ஸ், அன்றைக்கு உலகிலேயே பெரியது. அங்கே வேலை கிடைத்த முதல் சிலரில் பர்னார்ட்டும் ஒருவர். ஆனால் இளையவர் என்பதால் பெரிய தொலைநோக்கியைத் தொட அனுமதி இல்லை. இதனால் இயக்குநருக்கும் அவருக்கும் பல ஆண்டுகள் பிரச்சனை ஓடியது.

பெரிய கருவி இல்லாவிட்டால் என்ன? தனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பினார். ஸ்டுடியோவில் ஆட்களைப் படம் எடுக்கப் பயன்பட்ட 6 அங்குல வில்லார்ட் லென்ஸ் ஒன்று வானாய்வகத்துக்கு வந்திருந்தது. அதை ஒரு மரப்பெட்டி கேமராவில் பொருத்தி, சிறிய தொலைநோக்கியின் மேல் கட்டினார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெரிய தொலைநோக்கி வானத்தின் ஒரு துளியை மட்டும் காட்டும். ஸ்டுடியோ லென்ஸ் அகலமான பரப்பை ஒரே தகட்டில் அள்ளும், வெளிச்சத்தையும் அதிகமாக உள்ளே விடும். பால்வெளி போல வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிந்து கிடக்கும் ஒன்றுக்கு இதுதான் சரியான கருவி.

ஆனால் ஒரு சிக்கல். பூமி சுழல்கிறது. அதனால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வதுபோலத் தெரியும். கேமராவை அசையாமல் வைத்துப் பல மணி நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாது, கோடாக இழுக்கும். கருவியை நகர்த்தும் கடிகார இயந்திரம் உண்டு என்றாலும் அதை முழுதாக நம்ப முடியாது. எனவே தொலைநோக்கி வழியாக ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, அது குறுக்கு இழையை விட்டு விலகாதபடி, 3 மணி நேரம், 4 மணி நேரம் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

9 வயதில் மொட்டை மாடியில் சூரியனைத் துரத்திய அதே வேலை. இப்போது துரத்தியது நட்சத்திரத்தை.

1889 கோடையில் அவர் எடுத்த பால்வெளிப் படங்கள் வானியலாளர்களை அசர வைத்தன. மேகம் மேகமாகக் குவிந்த நட்சத்திரங்கள், அவற்றுக்கு இடையே ஓடும் கருப்புக் கோடுகள், ஓட்டைகள். கண்ணால் பார்த்தவர் யாரும் அதுவரை இவ்வளவு துல்லியமாகக் கண்டதில்லை.

அன்றைக்கும் ஃபேக் நியூஸ் உண்டு

1891-ல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று பரபரப்பான செய்தி வெளியிட்டது. வால்மீன்களைத் தானாகவே தேடிப் பிடிக்கும் இயந்திரத்தை பர்னார்ட் கண்டுபிடித்துவிட்டார் என்றது. முழுக்கக் கட்டுக்கதை. யாரோ வேடிக்கைக்காக எழுதியது. அவர் மறுப்பு எழுதிப் பார்த்தார். அது பிரசுரமாகவில்லை. இயந்திரத்தைப் பற்றி விசாரித்துக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. சுமார் 2 ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பத்திரிகை உண்மையை ஒப்புக்கொண்டது.

இதற்கிடையே 1892-ல் உண்மையிலேயே ஒரு புதுமை நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் எடுத்த வானப் படம் ஒன்றில் புதிய வால்மீன் பதிவாகியிருந்தது. புகைப்படம் மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்மீன் அதுதான். பிறகு அது தொலைந்து போனது. 116 ஆண்டுகள் கழித்து, 2008-ல்தான் மறுபடி கண்ணில் பட்டது.

282 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிலா

அதே 1892-ல், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அவருக்குப் பெரிய தொலைநோக்கியில் வாரம் ஓர் இரவு கிடைத்தது. வெள்ளிக்கிழமை இரவு.

செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை. வியாழன் கோளை ஒட்டி மிக மங்கலான ஒரு புள்ளி தெரிந்தது. வியாழனின் பிரகாசத்தில் அது முங்கி முங்கி எழுந்தது. அது வியாழனின் ஐந்தாவது நிலா. 1610-ல் கலிலியோ நான்கு நிலாக்களைக் கண்டுபிடித்த பிறகு, 282 ஆண்டுகளாக யாரும் இன்னொன்றைப் பார்த்ததில்லை. இன்று அதன் பெயர் அமல்தியா. புகைப்படத்தின் உதவி இல்லாமல், கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கப்பட்ட கடைசி நிலாவும் இதுதான்.

மாடியில் சக்கரம் சுற்றிய பையன் உலகம் முழுக்கச் செய்தியானார்.

ஓட்டையா, மேகமா?

1895-ல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு மாறினார். விஸ்கான்சின் மாநிலத்தின் குளிர் சாதாரணமானது இல்லை. உள்ளே சூடான காற்று இருந்தால் நட்சத்திரத்தின் பிம்பம் ஆடும் என்பதால், வானாய்வகத்தில் கணப்பு வைக்க முடியாது. உறைநிலைக்குப் பல டிகிரி கீழே, விடியும் வரை நிற்பார். மற்றவர்கள் கிளம்பிப் போகும் இரவுகளிலும் அவர் போக மாட்டார்.

1897 மே மாதம் ஒருநாள், 40 அங்குலத் தொலைநோக்கியின் ஏறி இறங்கும் தளம் அப்படியே இடிந்து விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்புவரை அதன் மேல்தான் பர்னார்ட் வேலை பார்த்திருந்தார்.

1901-ல் முழு சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க சுமத்ரா தீவுவரை போனார். சரியான நேரத்தில் மேகம் மூடிவிட்டது. வானத்தைப் படம் எடுக்கும் எல்லோருக்கும் தெரிந்த வேதனை அது.

இத்தனைக்கும் நடுவே அவரைத் தூங்க விடாத கேள்வி ஒன்று இருந்தது. பால்வெளியின் கருப்புத் திட்டுகள் என்ன? நட்சத்திரங்கள் இல்லாத வெறும் ஓட்டைகள் என்பது அன்றைய பொதுவான கருத்து. பர்னார்ட்டும் தொடக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் படங்கள் சேரச் சேர, சந்தேகம் வளர்ந்தது. சில திட்டுகளுக்கு ஓரம் கூர்மையாக இருந்தது. சில, வளைந்து நெளிந்த பொருள் மாதிரியே தெரிந்தன. ஓட்டைக்கு இப்படி ஓர் உருவம் இருக்குமா?

1913 கோடையில் நிலவில்லாத ஓர் இரவு. தனுசு ராசிப் பக்கம் பால்வெளி பளிச்சென்று இருந்தது. அதன் குறுக்கே நம் பூமியின் சிறிய மேகங்கள் சில நகர்ந்து போயின. பகலில் வெள்ளையாகத் தெரியும் மேகம், பால்வெளிக்கு முன்னால் மைக் கருப்பாகத் தெரிந்தது. அவர் தகடுகளில் பல ஆண்டுகளாகப் பார்த்த திட்டுகளும் அதே தோற்றம்தான்.

ஒரே இரவில் எல்லாம் நிரூபணமாகிவிடவில்லை. என்றாலும் அதன் பிறகு அவர் பேசிய விதம் மாறியது. பல திட்டுகள் ஓட்டைகள் அல்ல, பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைக்கும் பொருட்கள் என்று எழுதினார். 1919-ல் 182 கருப்புத் திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். பல ஆண்டுகள் தான் நம்பியதைத் தன் படங்களின் சாட்சியத்துக்காகவே கைவிட்டார்.

இன்று நமக்குத் தெரியும், அவை கடும் குளிரான வாயுவும் தூசியும் நிறைந்த மேகங்கள். புதிய நட்சத்திரங்கள் பிறப்பதும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

வானத்தோடு காற்றையும் கவனித்தவர்

பர்னார்ட் தூரத்து நட்சத்திரங்களை மட்டும் பார்க்கவில்லை. துருவ ஒளி எப்போது தோன்றியது, எவ்வளவு நேரம் நின்றது என்று பல ஆண்டுகள் குறித்து வைத்தார். சில இரவுகளில் நிலாவும் இல்லாமல், ஊர் வெளிச்சமும் இல்லாமல் வானத்தில் தானாக ஒளிரும் மங்கலான புகைப்படலத்தைப் பற்றியும் கட்டுரை எழுதினார். நம் வளிமண்டலமே இரவில் மெலிதாக ஒளிர்கிறது என்பது இன்று அறியப்பட்ட உண்மை. ஏர்க்ளோ என்று அதைச் சொல்கிறார்கள். இன்றைய கேமராக்களில் பச்சை, சிவப்பு அலைகளாக அது பதிவாகிறது.

நள்ளிரவில் சூரியனுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் தெரியும் மிக மிக மங்கலான வெளிச்சத் திட்டு ஒன்றும் உண்டு. கோள்களுக்கு இடையே உள்ள தூசியில் சூரிய ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. மற்றவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள் என்பது தெரியாமல், 1883-ல் பர்னார்ட் தானாகவே அதைக் கண்டார்.

முடிக்காமல் போன புத்தகம்

பால்வெளிப் படங்களை ஒரே தொகுப்பாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய பெரும் கனவு. கேத்தரின் புரூஸ் என்ற பெண்மணி கொடுத்த 7,000 டாலர் நன்கொடையில் புதிய கேமரா தொலைநோக்கி உருவானது. 1905-ல் அதைக் கலிஃபோர்னியாவின் வில்சன் மலைக்கு எடுத்துச் சென்று, மாதக்கணக்கில் தங்கிப் படம் எடுத்தார். தொகுப்பின் பெரும்பகுதிப் படங்கள் அங்கே எடுத்தவைதான்.

ஆனால் அவருக்குத் திருப்தி என்பதே வரவில்லை. அச்சு இயந்திரத்தில் போட்டால் நுணுக்கம் போய்விடும் என்று நினைத்தார். எனவே ஒவ்வொரு பிரதியிலும் உண்மையான புகைப்பட பிரிண்ட்களே ஒட்டப்பட வேண்டும் என்று முடிவானது. 700 பிரதிகள், மொத்தம் 35,700 பிரிண்ட்கள். ஒவ்வொன்றையும் அவரே சரிபார்த்தார். ஸ்டுடியோ வேலைக்காரரின் பிடிவாதம் கடைசிவரை போகவில்லை.

உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. 1914 வாக்கில் சர்க்கரை நோய் தெரிய வந்தது. இரவு வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கொஞ்ச காலம் நிறுத்தினார், பிறகு திரும்பிவிட்டார். 1921-ல் மனைவி ரோடா காலமானார். 1923 பிப்ரவரி 6-ம் தேதி, தன் 65-வது வயதில் பர்னார்ட் மறைந்தார். உடல் சொந்த ஊரான நாஷ்வில்லில் அடக்கம் செய்யப்பட்டது.

பாதியில் நின்ற தொகுப்பை, யெர்க்ஸ் இயக்குநர் எட்வின் ஃப்ராஸ்டும், ரோடாவின் சகோதரர் மகள் மேரி கால்வர்ட்டும் முடித்தார்கள். 1927-ல் அது வெளிவந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்க்க பர்னார்ட் இல்லை.

இன்றைய வானப் படங்களில் பர்னார்ட் எங்கே இருக்கிறார்?

பெயர் தெரியாமலேயே பலர் அவரைத் தினமும் சந்திக்கிறார்கள்.

* குதிரைத்தலை நெபுலா: வானத்தைப் படம் எடுப்பவர்களின் கனவு இலக்கு. அவர் பட்டியலில் இது 33-வது எண். அதனால்தான் இன்றும் பி33 என்று அழைக்கிறார்கள்.

* பர்னார்ட் வளையம்: ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் சிவப்பு ஒளி வட்டம். நீண்ட எக்ஸ்போஷர் படங்களில் நன்றாகத் தெரியும்.

* பர்னார்ட் நட்சத்திரம்: 1916-ல் அவர் கண்டறிந்தது. சுமார் 6 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. நம் வானத்தில் மற்ற எல்லா நட்சத்திரங்களையும்விட வேகமாக இடம் மாறுவது இதுதான். சுமார் 180 ஆண்டுகளில் முழு நிலாவின் அகலத்தைக் கடந்துவிடும். இதைச் சுற்றி ஒரு கோள் இருப்பதை 2024-ல் வானியலாளர்கள் அறிவித்தார்கள்.

இன்று வானத்தைப் பின்தொடரும் வேலையை சிறிய மோட்டார் செய்கிறது. நட்சத்திரம் விலகினால் சாஃப்ட்வேரே திருத்திவிடுகிறது. கேமராவை ஓடவிட்டுப் படுக்கப் போகலாம். பர்னார்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. கண்ணும் கையும் பொறுமையும்தான் மோட்டார், சாஃப்ட்வேர் எல்லாம்.

ஆனாலும் முறை அதேதான். அகலமான லென்ஸ், நீண்ட எக்ஸ்போஷர், விடாமல் ஒரே நட்சத்திரத்தைப் பின்தொடர்வது. அடுத்த முறை பால்வெளிப் படத்தில் கருப்பாக எதையாவது பார்த்தால், அதை லென்ஸில் படிந்த அழுக்கு என்று துடைத்துவிட வேண்டாம். பர்னார்ட் பட்டியல் போட்ட மேகங்களில் ஒன்றாக அது இருக்கலாம்.